கியாந்தி கிளாசிக்கோ: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

ஃபுளோரன்ஸில் குடியிருப்பதால், இத்தாலி பார்க்க வரும் நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் எல்லாரும் ஒருநாள் என்னோடு சாப்பிட உட்காருவார்கள். மெனு அட்டை வந்ததும் ஒயின் பற்றிய விசாரணை தொடங்கிவிடும். கேள்விகள் பெரும்பாலும் இந்தப் பக்கத்துச் சிவப்பு ஒயினான கியாந்தி கிளாசிக்கோவைப் பற்றியவை, ஒரே மாதிரிதான் இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

கியாந்திங்கறது திராட்சையோட பேரா, கம்பெனி பேரா?

இரண்டும் இல்லை, ஊர்ப்பக்கத்தின் பெயர். ஃபுளோரன்ஸுக்கும் சியேனாவுக்கும் நடுவில் இருக்கும் மலைப்பாங்கான பகுதிதான் கியாந்தி. காயோலே, ராத்தா, காஸ்தெல்லினா, கிரேவே எல்லாம் அங்குள்ள சிற்றூர்கள். அங்கே விளையும் முக்கியமான கறுப்புத் திராட்சையின் பெயர் சாஞ்சோவேசே. கியாந்தி கிளாசிக்கோ என்று பெயர் போட வேண்டுமானால் அந்த ஒயினில் குறைந்தது 80 சதவீதம் சாஞ்சோவேசே இருந்தாக வேண்டும். நூறு சதவீதமும் அதுவாகவே இருக்கலாம்.

பிரான்ஸ், இத்தாலி ஒயின்களில் பெரும்பாலும் இப்படித்தான், லேபிளில் ஊர் பெயர் இருக்கும், திராட்சையின் பெயர் இருக்காது. ஆஸ்திரேலிய ஒயின் குடித்துப் பழகியவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள்.

கியாந்தி, கியாந்தி கிளாசிக்கோ, ரெண்டும் ஒண்ணுதானே? கிளாசிக்கோன்னா பழசா?

பழையது என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் பாட்டிலின் வயது இல்லை, நிலத்தின் வயது. 1716-ல், ஃபுளோரன்ஸ் இருக்கும் டஸ்கனிப் பகுதியை ஆண்ட மெடிச்சி வம்சத்து மூன்றாம் கோசிமோ, கியாந்தி என்ற பெயரில் விற்கும் ஒயின் எந்தெந்த எல்லைக்குள் விளைய வேண்டும் என்று ஆணை போட்டார். ஒயினுக்கு இப்படிச் சட்டப்படி எல்லை வகுத்தவற்றில் உலகிலேயே மிகப் பழையவற்றுள் இது ஒன்று. பிறகு பெயர் புகழடைந்ததும் சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் அதே பெயரில் விற்கத் தொடங்கினார்கள். 1924-ல் ராத்தாவில் 33 பேர் கூடி ஒரு சங்கம் தொடங்கியது அதைத் தடுக்கத்தான்.

1932-ல் அரசாங்கம் சமரசமாக ஒரு முடிவெடுத்தது. கியாந்தி என்ற பெயரை அரெஸ்ஸோ, பீசா, பிஸ்தோயா பக்கத்துக் குன்றுகள் வரை நீட்டியது. பழைய பூமிக்கு மட்டும் கிளாசிக்கோ என்ற பின்னொட்டைக் கொடுத்தது. 1996 முதல் இரண்டும் தனித்தனிச் சட்டவிதிகளோடு நடக்கின்றன. வெறும் கியாந்தியில் 70 சதவீத சாஞ்சோவேசே போதும், வயது விதிகளும் தளர்வு. அதற்காக வெறும் கியாந்தி எல்லாம் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஃபுளோரன்ஸுக்கு வடகிழக்கே ரூஃபினா என்ற குளிர்ந்த பகுதி இருக்கிறது. அங்கிருந்து வரும் நல்ல கியாந்தி பல கிளாசிக்கோக்களை ஓரம் கட்டிவிடும்.

அந்த கறுப்புச் சேவல் படம் எதுக்கு?

கியாந்தி கிளாசிக்கோவின் முத்திரை அது. 2005 முதல் இந்தப் பெயரில் வரும் எல்லா பாட்டிலிலும் இருக்கிறது, பெரும்பாலும் கழுத்தில். கடையில் அவசரமாக அடையாளம் காண அதைப் பார்த்தாலே போதும்.

கதை ஒன்று சொல்வார்கள். ஃபுளோரன்ஸும் சியேனாவும் எல்லைச் சண்டையில் சலித்துப்போய், விடியலில் சேவல் கூவியதும் இரு ஊரிலிருந்தும் ஒவ்வொரு குதிரைவீரன் புறப்பட வேண்டும், சந்திக்கும் இடமே எல்லை என்று ஒப்பந்தம் செய்தார்களாம். சியேனாக்காரர்கள் வெள்ளைச் சேவலுக்கு வயிறு நிறையத் தீனி போட்டார்கள். ஃபுளோரன்ஸ்காரர்கள் கறுப்புச் சேவலைப் பட்டினி போட்டார்கள். பசியில் அது விடிவதற்கு வெகுநேரம் முன்பே கூவிவிட, ஃபுளோரன்ஸ் வீரன் சியேனாவை நெருங்கிவிட்டான். ஃபொன்தெருத்தோலி என்ற ஊரில் சந்தித்தார்களாம். கதை எப்படியோ, கறுப்புச் சேவல் இடைக்காலத்தில் கியாந்தி ஊர்க் கூட்டமைப்பின் சின்னமாக இருந்தது வரலாறு. ஓவியர் வசாரி வரைந்த சேவலை, ஃபுளோரன்ஸின் பழைய நகர மாளிகையான பலாஸ்ஸோ வெக்கியோவின் பெரிய மண்டபக் கூரையில் இன்றும் அண்ணாந்து பார்க்கலாம்.

குண்டு பாட்டில்ல வைக்கோல் சுத்தியிருக்குமே, அதுதான் ஒரிஜினல்னு சொன்னாங்களே?

ஃபியாஸ்கோ என்று பெயர். ஊதிச் செய்த கண்ணாடிக்கு அடிப்பாகம் உருண்டையாக இருக்கும், நிற்காது, லேசாகத் தட்டினாலே உடையும். அதனால் சதுப்புநிலத்துக் கோரையால் சுற்றினார்கள். பழைய முறைதான், சந்தேகமில்லை. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் அதில் அடைத்து ஏற்றுமதியானவற்றில் பாதி தண்ணீர் மாதிரியான மலிவுச் சரக்கு. பேர் கெட்டது அப்போதுதான். இன்று சில நல்ல தயாரிப்பாளர்கள் ஏக்கத்தில் மறுபடி ஃபியாஸ்கோவில் அடைக்கிறார்கள். சுற்றுலாக் கடையில் தொங்குவதை மெழுகுவத்தி செருக வாங்கிக்கொள்ளுங்கள்.

முதல் வாய் குடிச்சேன். புளிக்குது, நாக்கெல்லாம் இழுக்குது. கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் இல்லை. சாஞ்சோவேசேயின் குணமே அதுதான். புளிப்பு அதிகம், துவர்ப்பு நன்றாகத் தெரியும், இனிப்பு கிடையாது. நாவல்பழம் தின்ற பிறகு நாக்கும் ஈறும் வறண்டு பிடிக்குமே, அந்த மாதிரியான துவர்ப்பு. திராட்சைத் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்ற பொருள் எச்சிலில் இருக்கும் புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் வாயின் வழவழப்புப் போய்விடுகிறது. அதுதான் இழுக்கிற உணர்ச்சி.

நிறத்தைப் பார்த்தும் ஏமாறுகிறார்கள். சாஞ்சோவேசே அவ்வளவாக நிறம் கொடுக்காது. தெளிவான மாணிக்கச் சிவப்பு, வயதாக ஆகச் செங்கல் சாயல். கோப்பையைச் சாய்த்துப் பிடித்தால் பின்னால் இருக்கும் விரல் தெரியும். மை மாதிரிக் கறுத்த ஒயின்தான் வலுவானது என்று பழகிய கண்ணுக்கு இது நீர்த்ததாகத் தோன்றும். வாயில் வைத்தால் அப்படி இருக்காது.

இந்த ஒயினை வெறும் வயிற்றில், வெறும் வாயில் குடித்துவிட்டுத் தீர்ப்பு சொல்லாதீர்கள். ஒரு துண்டு ரொட்டியும் சலாமி என்ற பதப்படுத்திய இறைச்சியும் கடித்துவிட்டு அதே கோப்பையை மறுபடி எடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே கெட்ட பாட்டில் வேறு மாதிரி இருக்கும். நனைந்த அட்டைப்பெட்டி, பூட்டிய அறையின் பூஞ்சை வாடை வந்தால் கார்க்கில் கோளாறு. காடி வாடை மூக்கைத் துளைத்தால் அதுவும் கோளாறுதான். தயங்காமல் திருப்பி அனுப்பலாம், இங்கே யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

செர்ரி, வயலட் பூ, புகையிலைன்னு லேபிள்ல எழுதியிருக்கே, அதெல்லாம் கலக்கறாங்களா?

ஒன்றும் கலப்பதில்லை. திராட்சையிலும் நொதிக்கும்போதும் உண்டாகும் வாசனைப் பொருள்கள் நமக்கு அவற்றை நினைவூட்டுகின்றன, அவ்வளவுதான். இளம் ஒயினில் புளிப்புச் செர்ரியும் வயலட்டும் முன்னால் நிற்கும். சில வருடம் போனால் உலர்ந்த இலை, தோல், புகையிலை வாசனைகள் வரும். நம்மில் பலர் புளிப்புச் செர்ரியையே சாப்பிட்டிருக்க மாட்டோம். அதனால் வாசனை தெரியவில்லையே என்று வெட்கப்பட ஒன்றும் இல்லை.

வெள்ளைத் திராட்சையும் கலப்பாங்கன்னு படிச்சேன். சிவப்பு ஒயின்ல எதுக்கு வெள்ளை?

முன்பு கலந்தார்கள். இத்தாலியின் பிரதமராக இருந்த பெத்தினோ ரிக்காசோலி, காயோலே பக்கத்தில் ப்ரோலியோ கோட்டையின் சொந்தக்காரர், பல வருடம் சோதித்துப் பார்த்து 1872-ல் ஒரு கடிதத்தில் தன் கலவையை எழுதினார். வாசனைக்கும் வலுவுக்கும் சாஞ்சோவேசே, கடுமையைத் தணிக்கக் கனாயோலோ, சீக்கிரம் குடிக்கிற ஒயினுக்கு மட்டும் கொஞ்சம் மால்வாசியா என்ற வெள்ளைத் திராட்சை. வைத்துக் குடிக்கிற ஒயினில் வெள்ளை வேண்டாம் என்பதுதான் அவர் கருத்து. பின்னால் 1967-ல் வந்த சட்டமோ வெள்ளையைக் கட்டாயமாகவே சேர்க்கச் சொன்னது. ஒயின் வெளிறிப்போனது.

அதில் கடுப்பானவர்கள் சட்டத்துக்கு வெளியே போய் ஒயின் செய்தார்கள். 1971-ல் வந்த தின்யானெல்லோவும், 1977-ல் முழுக்க சாஞ்சோவேசேயால் செய்த லெ பெர்கோலே தோர்த்தேயும் கியாந்தி மண்ணில் விளைந்தவைதான். ஆனால் விதியை மீறியதால் 'மேசை ஒயின்' என்ற கடைசி வகுப்பில் விற்க வேண்டியிருந்தது. விலையோ முதல் வகுப்பு விலை. சூப்பர் டஸ்கன் என்று கேள்விப்பட்டிருப்பீர்களே, அதில் இவை சேர்த்தி. சட்டம்தான் மெல்ல இறங்கிவந்தது. 2006 அறுவடையிலிருந்து கியாந்தி கிளாசிக்கோவில் வெள்ளைத் திராட்சைக்குத் தடை. மிச்ச 20 சதவீதத்துக்குள் கனாயோலோ, கொலொரினோ போன்ற உள்ளூர்க் கறுப்புத் திராட்சைகளோ மெர்லோ, கபர்னே சோவிஞோன் என்ற பிரெஞ்சுத் திராட்சைகளோ சேர்க்கலாம். உள்ளூர்க் கலவையே எனக்குப் பிடித்தது. மெர்லோ கூடினால் ஒயின் கொழுகொழுவென்று ஆகி, எந்த ஊரில் குடிக்கிறோம் என்பதே மறந்துபோகிறது.

அன்னாத்தா, ரிசெர்வா, கிரான் செலெஸியோனே… எதை வாங்கறது?

மூன்று படிகள். அன்னாத்தா சாதாரணமானது, அறுவடைக்கு அடுத்த வருடம் அக்டோபரிலிருந்து விற்கலாம். ரிசெர்வா 24 மாதம் காத்திருக்க வேண்டும். 2014-ல் வந்த கிரான் செலெஸியோனே 30 மாதம், அதோடு திராட்சை முழுக்கத் தயாரிப்பாளரின் சொந்தத் தோட்டத்ததாக இருக்க வேண்டும். படி ஏற ஏற விலையும் ஏறும், மரப்பீப்பாய் வாசனையும் பெரும்பாலும் ஏறும்.

சாப்பாட்டோடு குடிக்க நான் வாங்குவது அன்னாத்தாதான். நல்ல தயாரிப்பாளரின் அன்னாத்தா, சுமாரானவரின் கிரான் செலெஸியோனேயைவிட எவ்வளவோ மேல். ரிசெர்வாவைப் பத்து வருடம்கூட வைத்துக் குடிக்கலாம், ஆனால் குளிர்ச்சியான இருட்டான இடம் வேண்டும். சென்னை வெயிலில் சமையலறை அலமாரியில் வைப்பதாக இருந்தால் சீக்கிரம் குடித்துவிடுங்கள். வருடம் பார்ப்பவர்களுக்கு: 2016 எல்லாரும் மெச்சியது, 2014 மழையில் நனைந்தது, 2017 வறட்சியில் வாடியது.

ஸ்டேக்கோடதான் குடிக்கணுமா?

கட்டாயமில்லை, ஆனால் அந்த ஜோடி ஏன் பேர் பெற்றது என்பதை ஒருமுறை பார்க்க வேண்டும். பிஸ்தெக்கா அல்லா ஃபியொரெந்தினா என்பது எலும்போடு வெட்டிய மாட்டிறைச்சி, மூன்று நான்கு விரல் கனம். கியானினா என்ற உள்ளூர் வெள்ளை மாட்டினம் இதற்குப் பேர்போனது. எடை போட்டுத்தான் விற்பார்கள், ஒரு துண்டே ஒரு கிலோவுக்கு மேல் வரும். கரி நெருப்பில் இரு பக்கமும் கருக வாட்டி, எலும்புப் பக்கமாக நிறுத்தி வைத்து, உள்ளே சிவப்பு மாறாமலே பலகையில் கொண்டுவந்து வைப்பார்கள். மேலே உப்பு, கொஞ்சம் ஆலிவ் எண்ணெய். நன்றாக வேகவைத்துக் கொடுங்கள் என்று கேட்டால், பல கடைகளில் வேறு ஏதாவது சாப்பிடுங்கள் என்பார்கள்.

மேலே துவர்ப்பைப் பற்றிச் சொன்னேனே, அது இங்கே வேலை செய்கிறது. எச்சிலைப் பிடிக்கப் போன டானினுக்கு இறைச்சியின் புரதமும் கொழுப்பும் கிடைத்துவிடுகிறது, உப்பும் துவர்ப்பைத் தணிக்கிறது. புளிப்பு, நாக்கில் படிந்த கொழுப்பை வெட்டிவிட்டு அடுத்த வாய்க்கு இடம் செய்கிறது. மாடு சாப்பிடாதவர்களுக்கும் வழி உண்டு. கோழி ஈரலை அரைத்து ரொட்டியில் தடவிய குரொஸ்தினி, காட்டுப்பன்றிக் குழம்பு ஊற்றிய அகலப் பாஸ்தாவான பப்பார்தெல்லே, ஆட்டு வறுவல் எல்லாவற்றோடும் ஒத்துப்போகும். ஃபினொக்கியோனா என்ற பெருஞ்சீரக சலாமியும் நல்ல ஜோடி. அந்தக் காலத்தில் சுமாரான ஒயினை விற்பவர்கள் முதலில் பெருஞ்சீரகம் போட்டதை ஊட்டி நாக்கை மயக்கிவிடுவார்களாம், அப்படி ஒரு பேச்சு இங்கே உண்டு.

தக்காளியும் புளிப்பு, ஒயினும் புளிப்பு. சேர்ந்தா இன்னும் புளிக்காதா?

எல்லாருக்கும் வரும் சந்தேகம், நடப்பது நேர்மாறு. புளிப்பான உணவு நாக்கில் இருக்கும்போது ஒயினின் புளிப்புக் குறைவாகத் தெரியும், பழச்சுவை மேலே வரும். புளிப்புக் குறைந்த ஒயினைத் தக்காளியோடு குடித்தால் உப்புச்சப்பில்லாமல் போய்விடும். தக்காளி சாஸ் பாஸ்தா, பீட்சா, பழைய ரொட்டியையும் தக்காளியையும் துளசி இனத்து பாசில் இலை வாசனையோடு குழைத்துச் செய்யும் பப்பா அல் பொமொதோரோ, எல்லாவற்றுக்கும் அன்னாத்தா கச்சிதம். ரிசெர்வாவை இதற்கு வீணாக்க வேண்டாம்.

ரொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. டஸ்கனி ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள். முதலில் சப்பென்று இருக்கும், திட்டாத விருந்தாளியே இல்லை. உப்பு மிகுந்த சலாமியோடும் பெக்கொரினோ என்ற செம்மறியாட்டுப் பாலாடைக்கட்டியோடும் சேர்த்துச் சாப்பிட்டால்தான் கணக்கு புரியும்.

நான் சுத்த சைவம். எனக்கு ஏதாவது ஜோடி உண்டா? ஒயினே சைவமா முதல்ல?

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. பப்பா அல் பொமொதோரோவைச் சொல்லிவிட்டேன். ரிபொல்லீத்தா என்று ஒன்று உண்டு: கறுப்பு முட்டைக்கோஸ் கீரை, வெள்ளைப் பீன்ஸ், பழைய ரொட்டி போட்டு, முந்தின நாள் செய்ததை மறுநாள் மறுபடி கொதிக்கவிட்டுச் சாப்பிடுவது. குளிர்காலத்தில் அதுவும் ஒரு கோப்பையும் போதும். காளான், சுட்ட கத்தரிக்காய், முற்றிய பெக்கொரினோவும் நல்ல துணை. ஆனால் பெக்கொரினோ செய்யும்போது, பாலை உறையவைக்க, கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளைப் பெரும்பாலும் சேர்ப்பார்கள், கண்டிப்பானவர்கள் கேட்டுக்கொள்வது நல்லது. ஆர்ட்டிசோக் என்ற காய் மட்டும் வேண்டாம். அதில் உள்ள சினரின் என்ற பொருள் அடுத்து வாயில் போடுவதையெல்லாம் இனிக்கவைத்து ஒயினின் சுவையைக் கெடுத்துவிடும்.

இரண்டாவது கேள்விக்கு: திராட்சை சைவம்தான், ஆனால் ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளை, பால் புரதம், ஜெலட்டின் பயன்படுத்துவது உண்டு. அவை வண்டலோடு கீழே இறங்கிவிடும், ஆனாலும் பயன்படுத்தியது பயன்படுத்தியதுதான். களிமண் வகையால் தெளியவைப்பவர்களும், தெளிவிக்காமலே அடைப்பவர்களும் இருக்கிறார்கள். லேபிளில் வீகன் என்று எழுதியிருந்தால் கவலையில்லை.

மீனோட சிவப்பு ஒயின் கூடாதா?

பொதுவாகச் சரியான விதி. ஒயினில் உள்ள இரும்புச்சத்தும் மீனின் கொழுப்பும் சேர்ந்து நாக்கில் ஒரு கவிச்சியான உலோக வாடை விடும். எண்ணெய்ச் சத்துள்ள மீனில் இன்னும் மோசம். ஆனால் லிவோர்னோ துறைமுகத்தில் கச்சூக்கோ என்று பலவகை மீனைத் தக்காளி, பூண்டு, மிளகாயோடு சிவக்கக் கொதிக்கவைப்பார்கள், அதோடு இளம் சிவப்பு ஒயினே குடிப்பார்கள். தக்காளி அங்கே காப்பாற்றுகிறது.

நம்ம ஊர் காரக் குழம்போட எப்படி?

எனக்குச் சரிப்படவில்லை. 13, 14 சதவீத ஆல்கஹால் மிளகாய்க் காரத்தை இன்னும் ஏற்றிவிடும், துவர்ப்பு அதோடு சேர்ந்து முரடாகும். புளிக்குழம்பின் புளிப்பு தக்காளியின் புளிப்பைவிட வெகு தூரம், ஒயின் தோற்றுவிடும். மிளகுக் காரம் பரவாயில்லை. மிளகு வறுத்த ஆட்டுக்கறி என்றால் முயன்று பார்க்கலாம்.

ஃபிரிட்ஜில வைக்கலாமா?

குடிக்கும்போது 16 முதல் 18 டிகிரி இருந்தால் நல்லது. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்க வேண்டும் என்ற விதி குளிர்ந்த கல்வீடுகளின் அறைக்கு வந்தது. 30 டிகிரி அறையில் ஆல்கஹால் மட்டும்தான் மூக்கில் ஏறும். கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுங்கள். மணிக்கணக்கில் வைத்தால் துவர்ப்புத் தூக்கலாகத் தெரியும்.

குடிச்சா தலைவலிக்குது. சல்ஃபைட்தானே காரணம்?

சல்ஃபைட் என்பது ஒயின் கெடாமல் காக்கும் பொருள். பாட்டிலில் 'சல்ஃபைட் உள்ளது' என்று பார்த்ததும் பழி அதன்மேல் விழுகிறது. லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினாலே அப்படி எழுதியாக வேண்டும், அதனால் கிட்டத்தட்ட எல்லா பாட்டிலிலும் இருக்கும். ஐரோப்பிய விதிப்படி இனிப்பில்லாத சிவப்பு ஒயினுக்கு உச்ச அளவு 150 மில்லிகிராம், வெள்ளைக்கு 200. சல்ஃபைட்தான் காரணம் என்றால் வெள்ளை குடித்தால் இன்னும் வலிக்க வேண்டுமே? ஆஸ்துமா உள்ள சிலருக்குச் சல்ஃபைட் உண்மையிலேயே ஆகாது, அவர்கள் மருத்துவரைக் கேட்க வேண்டும். மற்றவர்கள் முதலில் அளவையும் இடையில் குடித்த தண்ணீரையும் எண்ணிப் பார்க்கலாம்.

ப்ருனெல்லோவும் சாஞ்சோவேசேதானாமே? அப்புறம் மொந்தெபுல்சானோ?

ஆமாம். சியேனாவுக்குத் தெற்கே மொந்தால்சினோவில் விளையும் ப்ருனெல்லோ முழுக்க சாஞ்சோவேசே. அறுவடைக்குப் பின் ஐந்தாம் வருடம் ஜனவரியில்தான் கடைக்கு வரும். அங்கே வெயில் கூடுதல், ஒயினும் கனம், விலையும் கனம். மொந்தெபுல்சானோவில்தான் சிக்கல். அது டஸ்கனியில் ஓர் ஊர், அங்கே செய்யும் வீனோ நோபிலே பெரும்பாலும் சாஞ்சோவேசே. அதே பெயரில் ஒரு திராட்சையும் இருக்கிறது, அது அப்ருஸ்ஸோ என்ற வேறொரு இத்தாலியப் பகுதியில் விளைவது, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. லேபிளில் அப்ருஸ்ஸோ என்று இருந்தால் அது திராட்சையின் பெயர்.

கடைசியா கேக், சாக்லேட்டோட முடிக்கலாமா?

வேண்டாம். இனிப்பு சாப்பிட்ட வாயில் இந்த ஒயின் வெறும் புளிப்பும் கசப்பும்தான். கான்தூச்சி என்ற பாதாம் பிஸ்கோத்து கொண்டுவந்தால் அதோடு வின் சாந்தோ என்ற இனிப்பு ஒயின் கேளுங்கள், பிஸ்கோத்தை அதில் முக்கித்தான் சாப்பிடுவார்கள்.

பாதி பாட்டில் மிஞ்சிடுச்சு. மறுநாள் குடிக்கலாமா?

மூடி அடைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். இளம் கியாந்தி மறுநாள் இன்னும் இணக்கமாக இருப்பதும் உண்டு. அதற்கு மேல் போனால் பெப்போசோ செய்யுங்கள். ஃபுளோரன்ஸுக்குப் பக்கத்தில் இம்ப்ருனேத்தாவில் ஓடு சுடும் சூளைக்காரர்களின் சாப்பாடு அது. மாட்டின் காலிறைச்சி, நிறைய மிளகு, பூண்டு, உப்பு, மூழ்கும் அளவு கியாந்தி. எல்லாவற்றையும் பானையில் போட்டுச் சிறு தீயில் மூன்று மணி நேரமாவது விட்டுவிட வேண்டும். பாதி பாட்டில் போதாது, அதற்காக இன்னொன்று திறக்க வேண்டியிருக்கும்.